முகமது அலி இன்றைய சாம்பியன்களோடு மோதினால் யார் ஜெயிப்பார்? பழைய குத்துச்சண்டை வீரர்களை மற்ற விளையாட்டுக்காரர்களோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். ஆனால் எந்தச் சட்டத்தில் மோதுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதை நான் என் கையாலேயே தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தக்கலைப் பக்கம். பன்னிரண்டு வயதில், எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை படிக்க ஆசானிடம் சேர்ந்தேன். ஊர்க் கொடைக்கு எல்லோரும் கூடினால் மாமா சொல்வார்: "நம்ம ஆசான் ரெண்டு விரலால ஒரு வர்மத்துல தட்டினா மைக் டைசன் இருந்த இடத்துலயே உக்காந்திருவான் மக்கா." நானும் அப்படியே நம்பினேன். அப்புறம் கல்லூரிக் காலத்தில் நாகர்கோவிலில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனேன். பதினாறு அவுன்ஸ் கையுறையை மாட்டிக் கயிற்றை இறுக்கினதும் விரல் பத்தும் உள்ளே போய்விட்டன. உள்ளங்கை கிடையாது, முழங்கை கிடையாது, இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது, பின்னந்தலையில் படக்கூடாது. ஆசான் சொல்லித் தந்த அடியில் பாதிக்கு மேல் கையுறைக்குள்ளேயே நின்றுபோனது. கால் மட்டும் என்னோடு வந்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, "கால் வைக்க யார் சொல்லித் தந்தா?" என்பதுதான். சுவடு, அதாவது அடிமுறையின் கால் வைப்பு, பழகிய கால் அது. இதே கணக்கு அந்தப் பக்கமும் உண்டு. நல்ல குத்துச்சண்டைக்காரரை ஆசானின் களத்தில் இறக்கினால், குத்த நீட்டிய கையின் மணிக்கட்டைப் பிடிக்கக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லப்போவதில்லை.

காலம் மாறினாலும் இதே கதைதான். அலி காலத்தில் உலகப் பட்டப் போட்டிக்கு 15 சுற்று. 1982-இல் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்துபோன பிறகுதான் அது 12 ஆகக் குறையத் தொடங்கியது. முன்பெல்லாம் சண்டை நடக்கும் அன்றைக்கே எடை பார்ப்பார்கள். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுவதால், உடம்பில் நீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு மறுநாள் பல கிலோ ஏறி வந்து நிற்கிறார்கள். 1938-இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மூன்று எடைப் பிரிவுப் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அப்போது மொத்தமே எட்டுப் பிரிவு, பெரும்பாலும் பிரிவுக்கு ஒரு சாம்பியன். இன்று பதினேழு பிரிவு, ஒவ்வொன்றிலும் நான்கு அமைப்புகள் தரும் நான்கு பட்டம்.

1950-களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 49 சண்டை, 49 வெற்றி. ஆனால் எடை 85 கிலோ அளவுதான். இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே குரூசர்வெயிட்டில்தான் நிற்பார். இங்கிலாந்தின் ஆறே முக்கால் அடி உயர ஹெவிவெயிட் வீரர் டைசன் பியூரியின் முன்னால் அவர் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இதைச் சொல்வதால் அந்த 49-க்கு எந்தக் குறையும் வராது. அவர் முன்னால் வந்து நின்றவர்கள் அத்தனை பேரையும் ஜெயித்தார்.

அலியின் கதை வேறு. அலியும் இந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரரான உக்ரைனின் யூசிக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். எடையிலும் பெரிய வித்தியாசமில்லை. 1966-இல் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த அந்த அலி என்றால், 12 சுற்றில் யூசிக்குக்குச் சம வாய்ப்பு தருவேன். 15 சுற்று என்றால் அலிதான்.

மற்ற விளையாட்டு என்று வந்தால், ஓட்டக்காரருக்குக் கடிகாரம் சாட்சி. அலி தங்கம் வாங்கிய அதே 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். அவருடைய 45.73 விநாடியை இன்றைய பையன்களின் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அலியின் தங்கத்தை அப்படி எதற்குப் பக்கத்திலும் வைக்க முடியாது. எதிரே நின்றவர் யார் என்பதுதான் அங்கே அளவுகோல்.

அந்த அளவுகோலில் நான் முதலில் வைப்பது சுகர் ரே ராபின்சனைத்தான். சுமார் 200 சண்டை, அதில் 174 வெற்றி. 1943 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வி. மூன்றே வாரத்தில் அதே ஆளோடு மறுபடியும் மோதி ஜெயித்தார். இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை மேடை ஏறினாலே அதிகம். 1952-இல் நியூயார்க்கில் தன்னைவிடக் கனமான ஜோயி மாக்சிமோடு மோதிய இரவில் அப்படி ஒரு வெக்கை. நடுவரே தாங்க முடியாமல் பாதியில் இறங்கி, வேறொருவர் ஏறினார். புள்ளியில் முன்னால் இருந்த ராபின்சனால் 14-ஆவது சுற்றுக்கு எழ முடியவில்லை. அவர் நாக் அவுட் முறையில் தோற்றது அந்த ஒரு தடவைதான்.

போன வருஷம் ஆசானைப் பார்க்கப் போனபோது, 1974-இல் கின்ஷாசாவில் அலியும் அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டையைப் போனில் போட்டுக் காட்டினேன். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்த அலியை அவர் பார்க்கவே இல்லை. ஐந்தாவது சுற்றில் ஃபோர்மனின் தோள்மேல் விரலை வைத்தார். "இவனுக்கு மூச்சு போச்சு மக்களே. இனி கை இறங்கும் பாரு." எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்தபோது ஆசான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.