வேலையை விட்டு நின்றவரின் லினக்ஸ் கணக்கை எப்படி முடக்குவது?

ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார், சர்வருக்குள் இனி அவர் நுழையக்கூடாது, கணக்கை அழிப்பதா பூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழிக்காதீர்கள். கணக்கு போனாலும் வீட்டு அடைவுக்கு வெளியே அவர் உருவாக்கிய கோப்புகள் பழைய பயனர் எண்ணின் பேரிலேயே கிடக்கும். புதிதாகச் சேர்பவருக்கு அதே எண் விழுந்தால் அவையெல்லாம் அவருடையவை ஆகிவிடும்.

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தின் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வரை நான்தான் பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவதால் இந்த வேலை அடிக்கடி வரும். பலர் கணக்கின் அமைப்பை மாற்றும் யூசர்மோட் (usermod) கட்டளையோடு பெரிய எல் எழுத்தைச் (-L) சேர்த்துக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். அது கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பில், கடவுச்சொல்லின் மறைத்த வடிவமான ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடும், அவ்வளவுதான். கடவுச்சொல் செல்லாது, சரி. நிலாவெளி வீட்டிலிருந்து வேலை செய்தவரின் மடிக்கணினியில், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு இருக்குமே? அது கடவுச்சொல்லைத் தேடுவதே இல்லை. கட்டளைகளை வாங்கும் ஷெல்லை, உள்ளே விடாத நோலாகின் (nologin) என்று மாற்றினாலும் கட்டளை வரி மட்டும்தான் கிடைக்காது. எஸ்எஸ்எச் இணைப்பின் ஊடாக வேறு சேவைகளுக்குப் பாதை போடும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் தனியாகத் தடுக்காவிட்டால் அதன் வழியே உள்ளே இருக்கும் தரவுத்தளம் வரை போகலாம்.

கணக்கையே காலாவதியாக்குவதுதான் சரியான வழி. யூசர்மோட் கட்டளைக்கு எக்ஸ்பயர்டேட் 1 (--expiredate 1) என்று கொடுங்கள். நாட்களை 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணுவதால், கணக்கு 1970 ஜனவரி 2 அன்றே முடிந்ததாகப் பதிவாகும். சாவியோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஏற்கனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. அதற்கு பீகில் (pkill) கட்டளையால் அவர் பேரில் ஓடும் நிரல்களை நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் தொடங்குமுன் அவருடைய கிரான்டாப்பை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை, பாருங்கள். இரவு பேக்கப் அவர் பேரில் ஓடிக்கொண்டிருந்தால், காலாவதியானதும் அது சத்தமில்லாமல் நின்றுவிடலாம். முதலில் அதை வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள்.

நின்ற அன்றே செய்துவிடுங்கள். அது அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. பிறகு ஏதாவது கோப்பு காணாமல் போனால் திறந்து கிடந்த கணக்கின் பெயர்தான் முதலில் அடிபடும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அந்தப் பேச்சு லேசில் போகாது.

அவர் திரும்பி வந்தால் காலாவதித் தேதியை வெறுமையாக்கினால் போதும், பழைய கோப்புகளோடு கணக்கு அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையும் பூட்டியிருந்தால் யூசர்மோட் கட்டளையோடு பெரிய யூ (-U) கொடுத்துத் திறக்க வேண்டும்.