ஆக்டிங் லாரி டிரைவர் வேலை: "நாள் ஆயிரம்" என்றால் மாசம் எவ்வளவு?

பிளஸ் டூ முடித்த பையன் "லாரிக்குத்தான் போவேன்" என்று நிற்கிறான். ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒருவர் "நாள் ஆயிரம், மாசம் முப்பதாயிரம்" என்று ஆசை காட்டியிருக்கிறார். என்ன செய்வது என்று தவிக்கும் பெற்றோருக்கு இது. அண்ணாச்சி, பையனைத் திட்ட வேண்டாம். ஹெவி லாரியை ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த முப்பதாயிரம் கணக்குத்தான் தப்பு.

ஆக்டிங் டிரைவர் என்றால் நிரந்தர டிரைவருக்குப் பதிலாக நாள் கூலிக்கு ஓட்டுகிறவர். அவருக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நாளுக்குத்தான் காசு. வண்டி ஷெட்டில் நின்றால், லோடு கிடைக்காமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருந்தால், ஓனருடைய சொந்த டிரைவர் லீவு முடிந்து திரும்பிவிட்டால், அன்றைக்கு ஒன்றும் கிடையாது. உதாரணத்துக்கு மாசம் 18 நாள் வேலை என்று வையுங்கள். கைக்கு வருவது 18,000. வழிச் சாப்பாடு நாளுக்கு 200 என்றால் 3,600 போகும். டீசல் ஷார்ட்டேஜ் (கணக்குக்கு மேல் குடித்த டீசல்) என்று 1,500 பிடித்தால் மிச்சம் 12,900. பக்கத்து ஷெட்டில் ஒருவன் மாசச் சம்பளம் 14,000, ஓடும் நாளுக்குப் படி 400 என்று நிரந்தரமாக இருக்கிறான். அவன் 20 நாள் ஓடினால் 22,000; சாப்பாடு போக 18,000. கேட்கும்போது ஆயிரம்தான் பெரிதாகத் தெரியும். அதனால் காண்ட்ராக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, போன மூன்று மாசத்தில் உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள் வேலை கொடுத்தீர்கள் என்பதை.

வேலை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்காது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக் கன்டெய்னர், தாழையூத்துச் சிமெண்ட், கங்கைகொண்டான் சிப்காட் சரக்கு ஆகியவை பெரும்பாலும் நிற்காமல் ஓடுபவை. உப்பு லோடு ஐப்பசி மழையோடு குறைந்துவிடும். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் எம்-சாண்ட், ஜல்லி லோடு, அங்கே ஜூன், ஜூலை மழையில் கட்டட வேலை மந்தமாவதால் தளரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் வண்டிக்காரர்கள் அந்த நாட்களில் வேறு லோடு தேடி வருவார்கள், போட்டி கூடும். ஆக்டிங் டிரைவருக்கு நல்ல கிராக்கி வருவது பங்குனி உத்திரம், கோயில் கொடை, பொங்கல் சமயத்தில்தான். நிரந்தர டிரைவர்கள் குலதெய்வத்துச் சாஸ்தா கோயிலுக்கும் ஊருக்கும் போய்விடுவதால் ஓனர்கள் ஆள் தேடி அலைவார்கள். அந்த நாட்களில் படியைக் கூட்டிக் கேட்பதில் தப்பே இல்லை.

சம்பளத்தில் அதிகம் தகராறு வருவது டீசலில். டிரிப் சீட்டை ஒருமுறை பையனோடு உட்கார்ந்து பாருங்கள். 400 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர், ஆக 100 லிட்டர் என்று எழுதியிருக்கும். வண்டி குடித்தது 108. அதிகமான 8 லிட்டரை, லிட்டர் 93 ரூபாய் என்றால், 744 ரூபாயாகக் கூலியில் பிடித்துவிடுவார்கள். அந்த 8 லிட்டர் எங்கே போனது? துறைமுக கேட் வரிசையில் என்ஜினை அணைக்காமல் மூன்று மணி நேரம் நின்றாலே போதும். பெரிய என்ஜின் நின்ற இடத்திலேயே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கும். இது போக டயரில் காற்றுக் குறைவு, கயத்தாறு பக்கம் ஆடிக் காற்று எதிரில் அடிப்பது, புளியரைக்கு மேலே மலை ஏற்றம். டிரைவர் திருடினான் என்ற பழி வராமல் இருக்க வழி ஒன்றுதான். புறப்படும்போது டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைப் போட்டோ எடுக்க வேண்டும். வந்ததும் மறுபடி நிரப்பிப் போட்டோ எடுக்க வேண்டும். காத்திருந்த நேரத்தைச் சீட்டிலேயே எழுதி, இறக்கின இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கேட் சீட்டையும் எடை மேடைச் சீட்டையும் தூக்கிப் போடக்கூடாது. ஹால்டிங் காசு, அதாவது காத்திருந்த நேரத்துக்கான காசு கேட்க அவைதான் ஆதாரம்.

சேர்வதற்கு முன் சம்பளம் யார் கையிலிருந்து, எந்தத் தேதியில், பேங்க் கணக்கிலா ரொக்கமா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் பி.எஃப். உண்டு, பையன் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12. மாசம் 21,000 வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) வரும், பையனிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25. "பி.எஃப். பிடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணை முதல் மாசமே வாங்கி, மெம்பர் பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காண்ட்ராக்டர் கூலி தராமல் இழுத்தடித்தால், வேலை வாங்கிய நிறுவனமே அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். புகார் கொடுக்க வேண்டிய இடம் திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். டிரிப் சீட்டுகளின் நகல் கையில் இல்லாவிட்டால் புகார் எடுபடாது. அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்வதும் நல்லது.

ஓவர்லோடுக்கு மட்டும் பையன் ஒத்துக்கொள்ளவே கூடாது. பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன்தான் அளவு. மீறினால் அபராதம் 20,000 ரூபாய், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. காசை ஓனர் கட்டிவிடுவார். சஸ்பெண்ட் ஆவது பையனுடைய லைசென்ஸ். அது போனால் வயிற்றுப்பாடும் போயிற்று.

இனி வயதுக் கணக்கு. 18-இல் கார் லைசென்ஸ் எடுக்கலாம். அது கையில் இருந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும், 20 வயது நிரம்பாமல் சரக்கு வண்டி ஓட்டவே கூடாது. கார் லைசென்ஸிலேயே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது உண்மை. ஆனால் 20 வயது விதியை அது மாற்றவில்லை. "சின்ன வண்டிதானே" என்று 18 வயதுப் பையனை ஏற்றி அனுப்பி, விபத்தில் இன்சூரன்ஸ் தகராறில் மாட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

இடையில் இருக்கும் இரண்டு வருஷத்தை வீணாக்க வேண்டாம். பேட்டை அரசு ஐ.டி.ஐ. போல ஒரு இடத்தில் டீசல் மெக்கானிக் ஒரு வருஷப் படிப்பு. ஏர் பிரேக்கும் என்ஜினும் தெரிந்த டிரைவரை எந்த ஓனரும் எளிதில் விடமாட்டார். ஹெவி டிரைவிங் ஸ்கூலில் 30 நாள் பயிற்சியும், அதில் 15 மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவதும் விதி. நாலு ரவுண்டு சுற்றிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனைத்தான் முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். மருத்துவச் சான்று படிவம் 1ஏ-யில் வேண்டும், அதனால் கண் பரிசோதனையை இப்போதே முடித்துவிடுங்கள். பவர் இருந்தால் கண்ணாடியோடு ஓட்டலாம். லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிறகு மூன்று நாள் பயிற்சி எடுத்து, அபாயகரச் சரக்கு ஓட்ட அனுமதி வாங்கிக்கொண்டால் எரிவாயு, பெட்ரோல் டேங்கர் பக்கம் போகலாம். அங்கே ஆக்டிங்குக்குக்கூட கண்டவரைக் கூப்பிட முடியாது. அந்த அனுமதி உள்ளவர் வேண்டும்.

வளைகுடா நாட்டு லாரி வேலை என்று யாராவது வந்தால், அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லண்டன் லாரி வேலை என்று லட்சக்கணக்கில் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவுக்குரிய வேலைகளில் லாரி ஓட்டுவது இல்லை.