மீசைப் போட்டிக்கு நடுவுல கமாய்ச்சா

வணக்கம் மேடம்,

நான் நங்கநல்லூர்ல இருக்கேன், பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். டிசம்பர் சீசன்னா காலைல லெக்டெம்ல ஆரம்பிச்சு ராத்திரி மெயின் கச்சேரி மங்களம் வரைக்கும் சபா சபாவா சுத்துற ஆளு. ராஜஸ்தான்ல நடக்கற ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழா பத்தி நீங்க ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, "காது இருக்கறவங்க ஒரு தடவையாவது போகணும்"னு. அதைப் படிச்சுட்டு நானும் வீட்டம்மாவும் போலாம்னு பேசிட்டு யூட்யூப்ல தேடிப் பார்த்தா ஒரே மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டுற போட்டி, ஒட்டகப் போலோ, வெள்ளைக்காரங்களோட கயிறு இழுக்கறது. இதுல கலை எங்க மேடம் இருக்கு? என் ஃப்ரெண்டு ஒருத்தர், ஜோத்பூர் கோட்டைல நடக்கற நாட்டுப்புற இசை விழாதான் ஒரிஜினல், இது டூரிஸ்டுக்குப் போடற டிராமான்னு சொல்றார். முதல் தடவை போறவனுக்கு நீங்க என்ன சொல்வீங்க? இன்னொண்ணு, என் மனைவி ஒட்டகத்துல ஏறியே தீரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, எனக்கு இடுப்பு வலி.

ஒரு வாசகன், நங்கநல்லூர்

----

வணக்கம் சார்,

உங்க ஃப்ரெண்டு சொல்றது பாதி சரி. இது சுற்றுலாத் துறையும் ஜில்லா நிர்வாகமும் சேர்ந்து நடத்துற விழா, அதனால கலெக்டர் வருவார், மந்திரி வந்தா லேட்டா வருவார், மேடைல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார். மாக மாசப் பௌர்ணமில முடியற மாதிரி மூணு நாள் நடக்கும், சமீபமா பொக்ரான்லயும் ஒரு நாள் சேர்த்துக்கறாங்க. நம்ம பஞ்சாங்கப்படி சில வருஷம் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில வருஷம் மாசி மகத்தோட வரும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டர்ல பௌர்ணமி என்னிக்குன்னு பார்த்துடுங்க. இங்க சீசன் முடிஞ்சு கேன்டீன்காரர் பாத்திரத்தை எல்லாம் ஏத்திட்டுப் போனப்புறம் வர்ற விழா, உங்களுக்கு டைமிங் கரெக்ட்தான்.

ஆனா அந்த மீசைப் போட்டியை நீங்க இவ்வளவு கேவலமா பார்க்க வேண்டாம்னு எனக்குத் தோணுது. முதல் நாள் காலைல கடீசர் ஏரியில இருந்து ஊர்வலம் கிளம்பி ஸ்டேடியத்துக்கு வரும், ஒட்டகத்துக்கு எல்லாம் கழுத்துல குஞ்சம், முழங்கால்ல சலங்கை, அதுக்குப் பின்னாடி பாட்டுக்காரங்க, தலையில குடத்தோட பொண்ணுங்க. ஸ்டேடியத்துல உட்கார்ந்ததும் மேடையைப் பார்க்காம பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க, பாதிப் பேர் சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வந்தவங்க, ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளைன்னு தலைப்பாகை கட்டிக்கிட்டு குடும்பத்தோட வந்திருப்பாங்க. 'மரு ஸ்ரீ'ன்னு ஒரு போட்டி, மீசை, தாடி, உடை, நடை எல்லாம் பார்த்து பாலைவனத்தோட ஆணழகன் பட்டம், அதுல நிக்கறவர் உங்களுக்கும் எனக்குமா வேஷம் போட்டுக்கிட்டு வரல, அந்த மீசைய வருஷக்கணக்கா எண்ணெய் தடவி வளர்த்து ஊர்ல அதை வெச்சே அடையாளம் சொல்ற ஆளு. பெண்களுக்கு மிஸ் மூமல்னு ஒரு பட்டம், மூமல்ங்கறது அந்த ஊர்க் காதல் கதையில வர்ற அழகி, ஜெய்சல்மேர் பக்கத்து லோத்ரவால இருந்தவள்னு சொல்வாங்க. கயிறு இழுக்கற போட்டி மொக்கைதான், அந்த நேரத்துல போய் டீ குடிச்சுட்டு வாங்க.

இப்ப பாட்டுக்கு வர்றேன், நீங்க கேட்டது அதைத்தானே.

ராத்திரி மேடைல மங்கணியார், லங்கான்னு ரெண்டு சமூகத்துக்காரங்க பாடுவாங்க. (லங்கான்னதும் யாழ்ப்பாணம் பக்கம் போயிடாதீங்க, இவங்க பார்மேர் பக்கத்துக்காரங்க.) ரெண்டு பேருமே முஸ்லிம்கள், பரம்பரையா பாட்டே தொழில். லங்காக்களோட புரவலர்கள் சிந்தி முஸ்லிம் குடும்பங்கள், மங்கணியார்களுக்கு பெரும்பாலும் ராஜபுத்திரக் குடும்பங்கள், அதனால ஒரு மங்கணியார் புரவலர் வீட்டுல குழந்தை பிறந்தா கிருஷ்ணன் பிறந்த பாட்டைப் பாடுவார், கல்யாணத்துல அந்த வம்சத்தோட பத்து தலைமுறைப் பேரையும் மனப்பாடமா சொல்லி வாழ்த்துவார், அடுத்த வேளை தொழுகைக்கும் போவார், அவருக்கு இதுல எந்தக் குழப்பமும் கிடையாது.

மேடைல என்ன ஆகும்னா, அஞ்சாறு ஹார்மோனியம் டோலக் செட்டு ஒண்ணா உட்காரும், முன்னாடி ஒரு சின்னப் பையன் கர்தாலோட எழுந்து நிப்பான். ஒவ்வொரு கையிலயும் ரெண்டு ரெண்டு மரத்துண்டு, அவ்வளவுதான் வாத்தியம், அதுல அவன் போடற வேகத்துக்கு கூட்டம் கத்தும், நீங்களும் கத்துவீங்க, மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போற ஆளா இருந்தாக்கூட. ஆனா அது பாட்டோட கடைசி அஞ்சு நிமிஷம் சார். அவங்க வீட்டு முற்றத்துலயோ புரவலர் வீட்டுலயோ பாடும்போது முதல்ல தாளமே இருக்காது, தோஹான்னு ஈரடிப் பாட்டுங்களை ஒண்ணு ஒண்ணா எடுத்து ராகத்தைப் பரப்புவாங்க, விருத்தம் கேட்டுப் பழகின உங்க காதுக்கு அது உடனே பிடிபட்டுடும். மேடைல பத்து நிமிஷம்தான் ஸ்லாட்னா தோஹாவை எங்க பாடறது, நேரா வேகத்துக்கு வந்துடறாங்க. மாண்டு ராகம் நீங்க கேட்டிருப்பீங்க, கச்சேரி முடியற நேரத்துல துக்கடால நாலு நிமிஷம் இனிப்பு மாதிரி கொடுப்பாங்களே, அந்த ராகத்தோட வீடு இதுதான். வீட்டுல அது அவ்வளவு இனிப்பா இருக்காது, ஒரு கரகரப்பு இருக்கும், பிரிஞ்சு போனவனைக் கூப்பிடற குரல்ல இருக்கும். எனக்கு அதைக் கேட்டதுக்கு அப்புறம் இங்க ஏ.சி. ஹால்ல கேக்கற மாண்டு கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு, இதுக்கு யாராவது என்னைத் திட்டி லெட்டர் போடுவாங்க, போடட்டும்.

கமாய்ச்சான்னு ஒரு வில் வாத்தியம், அதைத் தேடிப் பிடிங்க. அதுக்காக மட்டுமே போலாம். பெரிய வட்டமான மரக்குடம், ஒரே மரத்துல குடைஞ்சது, மேல ஆட்டுத்தோல், முக்கியமான தந்தியெல்லாம் ஆட்டுக் குடல் நரம்பு, நீளமான வில்லால இழுத்து வாசிக்கறது. சத்தம் வயலின் மாதிரி மேல போகாது, தரையோட தரையா வரும். ஹார்மோனியம் வந்தப்புறம் இதை வாசிக்கறவங்களும் செய்யறவங்களும் குறைஞ்சுட்டாங்க, மேடைல இருந்தாலும் டோலக் மைக்குக்கு முன்னாடி அது எடுபடாது, வில்லு போறது மட்டும் தெரியும். ஜெய்சல்மேர் பக்கத்துல ஹமீரான்னு ஒரு கிராமம், அங்க இருந்த சாகர் கான் கமாய்ச்சாவுக்கே பேர் வாங்கிக் கொடுத்தவர், 2012ல பத்மஸ்ரீ வாங்கினார், அடுத்த வருஷமே போயிட்டார். அந்தக் குடும்பம் இன்னும் வாசிக்குது.

"ஒரிஜினல்"னு உங்க ஃப்ரெண்டு சொல்ற விஷயத்துலதான் எனக்குச் சண்டை. புரவலர் வீட்டுல பாடறதுதான் ஒரிஜினல், மேடை எல்லாம் போலின்னு சொல்றது நமக்கு ஈசி, ஏன்னா நாம அந்தக் கூலில சாப்பிடல. ஜமீன் போச்சு, வறட்சி வந்தா புரவலருக்கே சோறு இல்ல, அவர் பாட்டுக்காரருக்கு ஒட்டகத்தையும் தானியத்தையும் எங்க இருந்து கொடுப்பார்? கோமல் கோத்தாரின்னு ஒரு மனுஷர், 1960ல எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோட சேர்ந்து போருந்தா கிராமத்துல ரூபாயன் சன்ஸ்தான்னு ஒரு நாட்டுப்புறக் கலை அமைப்பை ஆரம்பிச்சு, ஊர் ஊரா போய் இந்தப் பாட்டுங்களை எல்லாம் பதிவு பண்ணி, இவங்களை மேடைக்கும் வெளிநாட்டுக்கும் கூட்டிட்டுப் போனவர், 2004ல காலமானார். அவர் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், புரவலர் மரியாதை இல்லாம நடந்தா பாட்டுக்காரர் அவரை விவாகரத்து பண்ணிடலாமாம், தலைப்பாகையையும் வாத்தியத்துத் தந்தியையும் அவர் வீட்டு வாசல்ல புதைச்சுட்டுப் போயிடுவாராம், அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேற இல்ல. இப்படி ரோஷம் உள்ளவங்க டூரிசம் மேடைல பாடறாங்கன்னா, வேற கதி இல்லாம மட்டும் இல்ல, கணக்குப் போட்டுத்தான் பாடறாங்க, புது புரவலர் யாருன்னு அவங்களுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். மேடையால ஒரு நல்லதும் நடந்துச்சு, மங்கணியார் பெண்கள் வெளி ஆட்கள் முன்னாடி பாடற வழக்கம் கிடையாது, பார்மேர் பக்கத்து ருக்மா பாய் அதை உடைச்சு மேடை ஏறினாங்க, அவங்க இறந்தது 2011ல, அதுக்கப்புறமும் மேடை ஏறற பெண்கள் ரொம்பக் கம்மிதான்.

கால்பேலியா ஆட்டமும் இருக்கும், கறுப்புப் பாவாடை சுழல சுழல ஆடறது. பாம்பாட்டிச் சமூகம், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் பாம்பை வெச்சுப் பிழைக்க முடியல, ஆட்டம் சோறு போடுது, 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. உங்க வீட்டம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கறேன்.

சரி, எப்படிக் கேக்கறது. விழா நடக்கற பகல்ல பாட்டுக்காரங்க எல்லாம் மேடைக்குப் பின்னாடி, மரத்தடில, டீக்கடைல சும்மா உட்கார்ந்திருப்பாங்க. போய் நமஸ்தே சொல்லிட்டு கமாய்ச்சா யார் வாசிக்கறாங்கன்னு கேளுங்க, ஓட்டை ஹிந்தி போதும். சாயங்காலமோ மறுநாள் காலையோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாட முடியுமா, மைக் வேண்டாம், மெதுவா வேணும்னு சொல்லுங்க. எவ்வளவு தரணும்னு முதல்லயே பேசிடுங்க, பேரம் பேசாதீங்க, இங்க டிசம்பர்ல ஒரு சீசன் டிக்கெட்டுக்கு நீங்க கொடுக்கறதை மனசுல வெச்சுக்கிட்டு கொடுங்க, செட்டுல பெரியவர் கையில கொடுங்க. ஃபோனை எடுத்து ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. முதல் பாட்டு உங்களுக்காக சினிமால வந்த மெட்டா ஏதாவது எடுப்பாங்க, சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, அப்புறம் சோரட் பாடுவீங்களான்னு ஒரு ராகத்தோட பேரைச் சொல்லிப் பாருங்க, பெரியவர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசி ராத்திரி சாம் மணல்மேடு, ஊர்ல இருந்து நாப்பது கிலோமீட்டர். பௌர்ணமி, மணல், பாட்டு எல்லாம் சேர்ந்து நல்லாத்தான் இருக்கும், ஆனா சுத்தி இருக்கற டென்ட் கேம்ப்ல எல்லாம் டி.ஜே. அலறும், மணல்ல சிப்ஸ் பாக்கெட் கிடக்கும், தயாரா போங்க. முன்னாடி போய் இடம் பிடிக்கணும், கீழ விரிக்க ஒரு பெட்ஷீட் கொண்டு போங்க. குளிரும் சார். நம்ம ஊர்ல மார்கழின்னா ஃபேனை ரெண்டுல வைக்கறதுதான் குளிர், அங்க பகல்ல வெயில் அடிச்சுட்டு ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழயும் போகும், மங்கி கேப்பை கூச்சப்படாம எடுத்துக்குங்க. விழாவைப் பார்க்க டிக்கெட் கிடையாது, ரூமுக்குத்தான் அந்த வாரம் விலை ஏறும். கோட்டைக்குள்ள தங்காதீங்க, 1156ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை, இன்னும் உள்ள குடும்பங்கள் வாழுது, ஆனா உள்ள இருக்கற ஹோட்டல் தண்ணியெல்லாம் அடிமண்ணுல இறங்கி சுவர் சரியற அளவுக்குப் போச்சு, வெளில தங்கி உள்ள நடந்து சுத்திப் பாருங்க. சாப்பாட்டுக்கு கேர் சாங்ரி கேளுங்க, பாலைவனத்துக் காயும் காய்ஞ்ச நெத்தும் சேர்ந்த பொரியல், நெய் சேர்ந்த பஜ்ரா ரொட்டியோட. கடீசர் ஏரிப் பக்கம் பாலைவனக் கலாசார மையம்னு ஒரு சின்ன மியூசியம் இருக்கு, அங்க சாயங்காலம் பொம்மலாட்டம், ஒரு சாயங்காலத்தை அதுக்கு ஒதுக்கலாம்.

ஜோத்பூர் விழா, ஆமா, 2007ல இருந்து மெஹ்ரான்கர் கோட்டைல சரத் பௌர்ணமியை ஒட்டி அக்டோபர்ல நடக்குது, டிக்கெட் உண்டு, சவுண்ட் பிரமாதம், விடியக்காலைக் கச்சேரியெல்லாம் உண்டு, சபா ரசிகருக்கு எந்தக் குறையும் இருக்காது. அதனாலயே அதை ரெண்டாவதா வெச்சுக்குங்கன்னு சொல்றேன். அங்க முதல்ல போயிட்டா ஜெய்சல்மேர்ல உங்களுக்கு மைக்செட் மட்டும்தான் காதுல விழும். இங்க முதல்ல போனா, பக்கத்துல உட்கார்ந்த தலைப்பாகைக்காரர் பாட்டோட எந்த வரிக்குத் தலையாட்டறார்னு பார்த்து வெச்சுக்கிட்டு அங்க போகலாம்.

ஒட்டகம் பத்தி. அது எழுந்திருக்கும்போது முதல்ல பின்னங்காலைத் தூக்கும், நீங்க முன்னாடி சாய்வீங்க, உட்காரும்போது முன்னங்காலை முதல்ல மடக்கும், அப்பவும் முன்னாடிதான் தள்ளும், அதனால ரெண்டு தடவையும் சேணத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி சாயணும். அந்தக் குலுக்கல் உங்க இடுப்புக்கு ஆகாது. வீட்டம்மாவை ஏத்திவிட்டு நீங்க ஒட்டகக்காரரோட நடங்க, நிறைய பேருக்குப் பாடத் தெரியும், கேட்டுப் பாருங்க.