டிஸ்க் பெயர் மாறுவது ஏன்?

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறிவிடுகின்றன; பூட் பாதியில் நிற்கிறது. டிஸ்க் பழுதா?

பதில்: பழுது இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் தேடுகிறது. எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதற்கே எஸ்டிஏ. எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது (இணைப்பது) என்று பூட்டின்போது சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலை அந்தப் பெயரை நம்பி எழுதியதுதான் கோளாறு.

ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் யுயுஐடி என்ற தனி அடையாள எண், எந்த போர்ட்டில் செருகினாலும் மாறாது. 'சூடோ பிஎல்கேஐடி' கட்டளை அதைக் காட்டும். எஃப்எஸ்டேப்பில் பழைய பெயரை எடுத்துவிட்டு, 'யுயுஐடி' என எழுதி, சமக்குறி போட்டு, அந்த எண்ணை ஒட்டுங்கள். டேட்டா டிஸ்க் என்றால் 'நோஃபெயில்' என்பதையும் அந்த வரியில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ரீஸ்டார்ட்டுக்கு முன் எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றை மவுன்ட் செய்து பார்க்கும் 'மவுன்ட் -ஏ' கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. எழுத்துப்பிழை பெரும்பாலும் அங்கேயே பல்லிளித்துவிடும்.

ஃபார்மேட் செய்தால் யுயுஐடி புதிதாகிவிடும். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளை மூலம் குளோன் செய்தால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே எண் வந்து, எது மவுன்ட் ஆகும் என்றே சொல்ல முடியாது. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 வகை என்றால், குளோனை அன்மவுன்ட் செய்து, டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதற்கு வேறு எண் கொடுங்கள்.