பதில்: 500 மீட்டர் பஃபர் வரைபடத்தையே விழுங்குகிறது

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் கிணறுகளைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (குறிப்பிட்ட தூரம் வரையிலான சுற்றுப்பரப்பு) போட 500 கொடுத்தால், அது வரைபடத்தையே மூடிவிடுகிறது என்கிறீர்கள். கருவியில் கோளாறு இல்லை. உங்கள் லேயர் (கிணறுகள் உள்ள தரவு அடுக்கு) ஈபிஎஸ்ஜி 4326-இல், அதாவது இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையால் குறிக்கும் ஆயத்தொலைவு முறையில், இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஈபிஎஸ்ஜி எண் என்பது இப்படிப்பட்ட ஒவ்வொரு முறைக்கும் உள்ள குறியீட்டு எண். அதன் அலகு டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். 500 டிகிரி கேட்டால் உலகமே போதாது!

லேயரை மீட்டர் அலகுள்ள யூடிஎம்முக்கு (உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் ஆயத்தொலைவு முறை) மாற்றுங்கள். மண்டல எண் கண்டுபிடிக்க, தீர்க்கரேகையோடு 180 கூட்டி (மேற்கு என்றால் கழித்தல் குறியோடு), 6-ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு 1 கூட்டுங்கள். வடகோளத்துக்கு 326, தென்கோளத்துக்கு 327 என்பதோடு இரண்டு இலக்க மண்டல எண்ணைச் சேர்த்தால் ஈபிஎஸ்ஜி எண் தயார்.

கியூஜிஐஎஸ்ஸில் ‘ரீப்ராஜெக்ட் லேயர்’ கருவியைப் பயன்படுத்துங்கள். ‘செட் லேயர் சிஆர்எஸ்’ (சிஆர்எஸ் என்றால் ஆயத்தொலைவு முறை) பக்கம் போகவே வேண்டாம். அது ஆயத்தொலைவுகளை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், புள்ளிகள் எங்கோ போய் விழும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம், யாராவது ஈபிஎஸ்ஜி 3857 (இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் முறை) போதும் என்பார்கள். அதுவும் மீட்டர்தான், ஆனால் 60 டிகிரி அட்சரேகையில் நீளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாகக் காட்டும். பின்னணி வரைபடத்துக்குச் சரி, அளப்பதற்கு வேண்டாம்.

கிணறுகள் பல மண்டலங்களில் பரவியிருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.