இரண்டரை வயதுப் பையனோடு முதல் தீம் பார்க்: வயதை விடுங்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்களுக்குச் சேலம் அம்மாப்பேட்டை. மூத்தவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு இரண்டரை. இந்த லீவில் முதல் தடவையாக பெங்களூரு வொண்டர்லாவுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். விடியற்காலை 4 மணிக்குக் காரில் கிளம்பினால் ராத்திரியே வீடு திரும்பிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாரும் வருகிறார். ஒரே நாளில் முடியுமா? சின்னவனுக்கு டிக்கெட் எடுப்பது வீண்தானா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: ஒரே நாளில் போய்வரலாம், பெரியவர்கள் மட்டும் என்றால். இந்த வயதுப் பிள்ளைகளோடு வேண்டாம். பூங்கா இருப்பது பெங்களூரைத் தாண்டி, மைசூரு சாலையில், பிடதிக்குப் பக்கத்தில். தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம், ஊரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் ஏறினால் உங்கள் வீட்டிலிருந்து சுமார் 220 கி.மீ. சிறுநீர், பால், வாந்தி என்று நிறுத்தி நிறுத்திப் போனால் 5 மணி நேரம் ஆகும். மூன்றரை மணிக்கு எழுப்பப்பட்ட பையன் உள்ளே நுழையும்போதே பாதி தூக்கத்தில் இருப்பான். தண்ணீர் ரைடுகள் பொதுவாக நண்பகலை ஒட்டித்தான் திறக்கும். அந்த நேரத்தில் அவன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருப்பான். முழு டிக்கெட் வாங்கிய நாளில் நல்ல நேரம் முழுவதும் அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும்.

இப்படிச் செய்யுங்கள். முந்தின நாள் மதியம் சாப்பாடு முடிந்ததும், சின்னவன் தூங்குகிற நேரத்தில் கிளம்புங்கள். தருமபுரி வரை தூங்கிக்கொண்டே வருவான். இரவு பூங்காவை ஒட்டியிருக்கும் அவர்களுடைய ரிசார்ட்டிலோ, பிடதி, ராமநகரம் பக்கம் சாதாரண லாட்ஜிலோ தங்கிவிட்டு, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைகளோடு கேட் திறக்கும்போது உள்ளே போங்கள். பெங்களூரு ஊருக்குள் அறை எடுக்காதீர்கள். காலை நெரிசலில் மைசூரு சாலைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். தங்க வசதிப்படாது என்றால் பெங்களூரையே விடுங்கள். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், அவிநாசி, அன்னூர் வழியாக 160 கி.மீ.தான். அங்கே தண்ணீர் விளையாட்டுதான் பிரதானம். காலை 7 மணிக்குக் கிளம்பி, 3 மணிக்கு வெளியே வந்தால் பிள்ளைகள் தாங்குவார்கள்.

அடுத்தது உயரம். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். இரண்டரை வயதுப் பையனின் நடுத்தர உயரம், உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி, சுமார் 92 செ.மீ. ஆகவே உங்கள் சின்னவனுக்குப் பெரும்பாலும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். அவன் ஏறக்கூடியவை குட்டி ரயில், குதிரை ராட்டினம் போன்ற சில ரைடுகளும் குழந்தைகள் குளமும்தான். அந்தக் குளத்தில் ஒரு மணி நேரம் அவன் கும்மாளம் போட்டாலே அந்தக் காசுக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஈடுகட்ட நினைத்து அவனை ஒவ்வொரு வரிசையிலும் நிற்க வைப்பதில்தான் தவறு ஆரம்பிக்கிறது.

வீட்டிலேயே அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்க வைத்து, தலைமேல் ஒரு அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிப்பக்கம் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை டேப்பால் அளக்க வேண்டும். மூத்தவள் சுமார் 105 முதல் 110 வரை இருப்பாள். பெரிய ரைடுகளில் பலவற்றுக்கு 140 கேட்பார்கள். அவள் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் அங்கே அது கணக்கில் வராது. தோளை அழுத்தும் கம்பியும் தொடையை அழுத்தும் கம்பியும் அந்த உயரத்துக்கு மேற்பட்ட உடம்பைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. சின்ன உடம்பு அந்த இடைவெளியில் நழுவிவிடும். அதனால் அளவுகோல் பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் ‘கொஞ்சம்தானே குறையுது’ என்று மன்றாடாதீர்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்று முன்னால் போனதும் திருப்பி அனுப்பினால் பிள்ளை உடைந்துவிடும். எதில் ஏறலாம், எது அடுத்த வருஷத்துக்கு என்று சுவரில் போட்ட கோட்டைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த அழுகை வராது. நீங்களும் கணவரும் பெரிய ரைடில் ஏற ஆசைப்பட்டால் ஒருவர் பிள்ளைகளோடு நின்று, மாறி மாறிப் போங்கள்.

ஒத்திகைக்கு நம் ஊரே போதும். ஆடிப் பண்டிகைச் சமயத்துப் பொருட்காட்சியில் குட்டி ரயிலிலும் சின்ன ராட்டினத்திலும் ஏற்றிப் பாருங்கள். சத்தம், கூட்டம், வரிசை மூன்றையும் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று தெரியும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இன்னொரு சோதனை. அதில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குச் சுழலும் ரைடு எதுவும் ஒத்துக்கொள்ளாது. பயணத்துக்கு மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுடைய வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் கூடாது. காரில் செல்போனில் வீடியோ காட்டாமல் வெளியே பார்க்க வையுங்கள். யாரையும் முன்சீட்டில் மடியில் வைக்காதீர்கள். பிரேக் போட்டால் உங்கள் உடம்பின் பாரம் பிள்ளைமேல்தான் விழும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ சட்டப்படியும் கட்டாயம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் லாக்கர். அடுத்து இரண்டு பிள்ளைகளையும் அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் ‘சிவப்பு பனியன்’ என்று விவரிப்பதைவிட அதைக் காட்டுவது சுலபம். மணிக்கட்டில் அழியாத மார்க்கர் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதி, காய்ந்ததும் மேலே பிளாஸ்டர் டேப் ஒட்டுங்கள். பேர் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளை நம்பிவிடும். வழி தப்பினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், யூனிபார்ம் போட்டவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று மூத்தவளுக்குப் பழக்குங்கள்.

மதியம் வரை உலர் ரைடுகள். பயப்படுகிற பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். வேலிக்கு வெளியே நின்று இரண்டு மூன்று சுற்று பார்க்கட்டும், எத்தனை எண்ணினால் நிற்கும் என்று சேர்ந்து எண்ணிப் பாருங்கள். முடியும் நேரம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பதினொன்றே முக்கால் வாக்கில், கூட்டம் சேரும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. சின்னவனுக்குச் சத்துமாவுக் கஞ்சியை பிளாஸ்கில் எடுத்துப்போய் வாசலில் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டபின் முக்கால் மணி நேரம் நிழல், அதன் பிறகு தண்ணீர்.

தண்ணீரில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லை. நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். ஈரம் குடித்துக் கனத்து, சறுக்கில் ஒட்டிப் பிடித்து இழுக்கும். எல்லோருக்கும் நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை எடுத்துப்போங்கள், பிள்ளைகளுக்கு முழுக்கை வைத்தது நல்லது. சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊறிப் பந்தாகி, உள்ளே இருக்கும் ஜெல் பிதுங்கிவிடும். நீச்சல் டயப்பர் வாங்குங்கள், 4 போதும். அது மலத்தை ஓரளவு தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. ஒரு மணி நேரத்துக்கொரு முறை குளத்துக்கு வெளியே போய் மாற்ற வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் போட்ட தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும்.

பெற்றோர் அதிகம் அறியாத ஆபத்து சறுக்கில் இருக்கிறது. சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பிள்ளையின் செருப்போ குதிகாலோ சறுக்கின் பக்கவாட்டில் ஒரு கணம் மாட்டும். தனியாக வந்தால் அவன் எடை குறைவு, அங்கேயே நின்றுவிடுவான். மடியில் இருந்தால் உங்கள் முழு எடையும் வேகமும் அந்தக் காலை முறுக்கும், கணுக்காலுக்கு மேலே எலும்பு முறியும். பூங்கா, பள்ளி மைதானச் சறுக்கிலும் இதே கதைதான். அவன் உயரத்துக்கு ஏற்ற குட்டிச் சறுக்கில் தனியாக வரட்டும், நீங்கள் கீழே நின்று பிடியுங்கள்.

அலைக்குளத்தில் மூத்தவளுக்குக் கணுக்கால் ஆழம் போதும். திரும்பிப் போகும் தண்ணீர்தான் காலை வாரும். சின்னவன் அந்தப் பக்கமே வேண்டாம். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் சாதனம் இல்லை. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் உள்ளே போகும். ஆகவே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், கால் மணி நேரத்துக்கு ஒருவராக ‘இப்ப நீங்க பாத்துக்குங்க’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கும்போதுதான் விபத்து நடக்கிறது. பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். பூங்கா இருக்கும் பகுதி சேலத்தைவிட நல்ல உயரம், தண்ணீரும் அதற்கேற்பக் குளிரும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து டவலால் போர்த்துங்கள். உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டினாலோ அன்றைக்குத் தண்ணீர் முடிந்தது.

தண்ணீரில் ஆடும் பிள்ளைக்குத் தாகம் தெரியாது, வியர்வையும் கண்ணுக்குத் தெரியாது. 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் குடிநீரில் முழுதாகக் கலக்குங்கள். பாதியைப் போட்டு டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். பழச்சுவை போட்டு டப்பாவில் வரும் சர்க்கரைத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். இல்லை. எஸ்.பி.எஃப். 30 கிரீமைத் தண்ணீரில் இறங்க 20 நிமிஷம் முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கொரு முறை திரும்பப் பூசுங்கள்.

மாமியாரைத் தண்ணீர் ரைடுக்கு அழைக்க வேண்டாம். சேலையோடு விடமாட்டார்கள், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். நிழலில், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓரிடம் பிடித்து அவரை உட்கார வையுங்கள். பையும் மாற்றுத் துணியும் அவரிடம் இருக்கட்டும், சின்னவன் தூங்குவதும் அவர் பக்கத்தில்தான். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை மட்டும் அவருக்கு வேண்டாம்.

லீவு என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதமும் தசரா விடுமுறையும் கர்நாடகப் பிள்ளைகளுக்கும் விடுமுறைதான்; வரிசை இரட்டிப்பாகும். மூத்தவள் இன்னும் எல்.கே.ஜி., யு.கே.ஜி.தான் என்றால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய் அல்லது புதன் பாருங்கள். ஒரு நாள் பள்ளி போனால் நஷ்டமில்லை.

மூன்றரைக்கு, பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணி போட்டு ஏற்றினால் ஓசூருக்குள் தூங்கிவிடுவார்கள். அப்போதும் தொப்பூர் வருவதற்குள் இருட்டிவிடும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம்தான் அங்கே இறக்கம், பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்து அடிக்கடி நடக்கும் இடம். நாளெல்லாம் தண்ணீரில் நின்றவர் அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டக் கூடாது. சேலத்திலிருந்தே ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூட்டிப்போங்கள், இரண்டு நாள் பேட்டாவும் சாப்பாடும் பேசிக்கொள்ளுங்கள். அவர் பகலில் தூங்கி ஓய்வெடுக்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த இரவும் அங்கேயே தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் இறங்குங்கள்.