உவமை, எதுகை, நோக்குநிலை: தேர்வுக்கு முன் எப்படி மீள்பார்வை செய்வது?

படிவம் 5 படிக்கும் மகளுக்கு உவமை, உருவகம், எதுகை மோனை, நோக்குநிலை (பாட்டோ கதையோ யார் பார்வையில் சொல்லப்படுகிறது என்பது) எல்லாம் குழம்பிப் போகிறது, மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வருவதற்குள் எப்படி மீள்பார்வை செய்ய வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைகளில் டியூஷன் எடுக்கிறேன், வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் எஸ்டேட்டிலிருந்துதான், எல்லாருக்கும் இதே தலைவலி.

முதலில் அந்த இலக்கணக் குறிப்பேட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள், ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பார்கள். ஒரே சின்னப் பாட்டை எடுத்து எல்லாவற்றையும் அதிலேயே தேடட்டும், அதுவும் 'யார் பேசுவது, யாரிடம்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்கி.

நான் எடுப்பது குறுந்தொகை 25, கபிலர் பாடியது, ஐந்தே அடி. என்னோடு அவன் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் சொன்ன சொல்லை மறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு, அதாவது கொக்கு, நின்றது, அவ்வளவுதான் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். இதைப் படித்துவிட்டு 'கபிலர் வருந்துகிறார்' என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு. பாடியவர் கபிலர், பேசுவது தலைவி. 'கூற்று' என்று நம் ஆட்கள் அன்றைக்கே பிரித்து வைத்ததும் நோக்குநிலைதான். இது பிடிபட்டால் மற்றது தானாக வரும். செம்பனைக் காட்டு வாய்க்காலில் தினமும் கொக்கைப் பார்க்கிற ஒரு பையன், "சார், அது மீனத்தான பாக்கும், இவங்கள எங்க பாத்திருக்கப் போவுது?" என்றான். அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது, இருந்த ஒரே சாட்சியும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது!

அப்புறம் அணி. அதே பாட்டில் குருகின் காலைத் தினைத்தாளோடு ஒப்பிடும் 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' என்பதில் 'அன்ன' உவம உருபு, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொல், ஆகவே உவமை. நன்னூல் போல, புரைய, ஒப்ப என்று 12 உருபுகளைச் சொல்லி 'பிறவும்' என்றும் சேர்த்துக்கொள்கிறது, மகள் நாலைந்தை நினைவில் வைத்தால் போதும். சிக்கல் உருபு மறைந்திருக்கும்போதுதான். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. முகமதி என்று திருப்பிப் போட்டால் முகமே மதி, உருவகம். மலர்க்கண், கண்மலர் என்று இப்படியே ஜோடி ஜோடியாகக் கொடுத்துச் சொல்ல வையுங்கள், முதலில் தடுமாறுவாள், பரவாயில்லை.

எதுகை, மோனைக்கு நேரத்தை வீணாக்க வேண்டாம். சொற்களிலோ அடிகளிலோ முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, இறுதி ஒத்து வந்தால் இயைபு. அதே பாட்டின் 'தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ' என்ற ஒரே அடியில் தானது–யானெவன், பொய்ப்பின்–செய்கோ என்று இரண்டு எதுகை கிடைக்கிறது, பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள்.

சிறுகதையில் நோக்குநிலை கேட்டால் 'அவள்' என்று வந்தவுடனே 'எல்லாம் அறிந்த ஆசிரியர்' என்று எழுதிவிடுகிறார்கள். அவசரம். ஒரு பத்தியில் 'அவள்' வரும் இடத்திலெல்லாம் 'நான்' போட்டு, வினைமுற்றையும் அதற்கேற்ப மாற்றிப் படித்துப் பார்க்கட்டும். உறுத்தாமல் நின்றால் கதை அவள் மனசுக்குள்ளேயே இருக்கிறது, அவளுக்குத் தெரியவே முடியாத ஏதாவது இடையில் வந்து இடித்தால் அப்போது தாராளமாக 'எல்லாம் அறிந்த' என்று எழுதலாம்.